டாக்டரம்மா பதில்கள்: மசக்கையா, வாயுவா, குடல்வாலா?

போன இதழில் குடல்வால் (அப்பெண்டிக்ஸ்) அழற்சி பற்றி எழுதியபோது கர்ப்பிணிகள் பற்றி ஒரே ஒரு வரிதான் எழுதியிருந்தேன். ‘அந்த ஒரு வரியை விரித்து எழுதுங்கள்’ என்று வந்த கடிதங்களே இந்த மாதப் பக்கத்தை நிரப்பிவிட்டன. மூட்டுவலிக்காரர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மனைவிக்கு ஐந்தாம் மாதம் நடந்தபோது ஓர் இரவு தொப்புளைச் சுற்றி வலித்தது. வாயு என்று நினைத்து ஓமத்தண்ணீர் கொடுத்தோம். விடிவதற்குள் வலி வலப்பக்க அடிவயிற்றில் வந்து நின்றுவிட்டது. ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்து, ‘குடல்வால் கண்ணில் படவில்லை’ என்றார்கள். அப்புறம் எம்.ஆர்.ஐ. எடுத்துவிட்டு அன்றிரவே ஆபரேஷன் செய்தார்கள். இப்போது ஏழாம் மாதம். இருவரும் நலம். ஆனால் வீட்டில் பேச்சு ஓயவில்லை. ‘ஊசி மருந்திலேயே பிரசவம் வரை ஓட்டியிருக்கலாம், அவசரப்பட்டுக் கையெழுத்துப் போட்டுவிட்டாய்’ என்கிறார் அம்மா. நான் செய்தது சரிதானா?
– பெயர் வேண்டாம், துறையூர்

சரிதான் தம்பி. இந்தப் பக்கத்தை அம்மாவிடமே படிக்கக் கொடுங்கள். அவரைக் குறை சொல்லி ஒரு வரிகூட எழுதப்போவதில்லை. பிள்ளைத்தாய்ச்சியைக் கத்திக்குக் கொடுக்க எந்த மாமியாருக்கு மனசு வரும்? நான் அரசு மருத்துவமனையில் சர்ஜனாக இருந்த காலத்தில் ஒப்புதல் படிவத்தை நீட்டினால் முதலில் வருகிற கேள்வி, ‘குழந்தைக்கு ஒன்றும் ஆகாதே?’ என்பதுதான். ‘குழந்தைக்காகத்தான் ஆபரேஷனே’ என்பேன். பாதிப் பேர் நம்ப மாட்டார்கள்.

விஷயம் இதுதான். குடல்வாலின் வாய் அடைபட்டால் உள்ளே நீர் கோத்து, அழுத்தம் ஏறி, சுவருக்கு வரும் ரத்தம் குறைந்து, சுவர் அழுகத் தொடங்கும். அழுகியது ஓட்டையானால் சீழும் மலக்கிருமியும் வயிற்றுக்குள் கொட்டும். மற்றவர்களுக்கு வயிற்றுக்குள் தொங்கும் கொழுப்புத் திரை ஓடிவந்து அந்த இடத்தைச் சுற்றி ஒட்டிக்கொண்டு ஓரளவு அணை போடும். கர்ப்பிணிக்கு வளர்ந்த கர்ப்பப்பை நடுவில் நிற்பதால் அந்தத் திரை சுலபமாக அங்கே போய்ச் சேராது. சீழ் பரவும், கர்ப்பப்பை எரிச்சலடைந்து சுருங்கத் தொடங்கும், பிரசவ வலி வந்துவிடும். ஐந்தாம் மாதத்தில் வலி வந்தால் என்ன நடக்கும் என்று அம்மாவுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கணக்கு கேட்டால், பழைய பாடநூல்களில் குடல்வால் வெடிப்பதற்கு முன் குழந்தை இழப்பு நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து என்றும், வெடித்தபின் ஐந்தில் ஒன்றுக்கும் மேல் என்றும் போட்டிருக்கும். 2007-இல் கலிஃபோர்னியாவில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளின் ஆஸ்பத்திரிப் பதிவேடுகளை வைத்து வந்த ஆய்வில் எண்கள் குறைந்திருந்தன. சாதாரண அழற்சிக்கு நூற்றுக்கு இரண்டு, வெடித்ததுபோல முற்றியதற்கு ஆறு. குறைந்தாலும் மூன்று மடங்கு வித்தியாசம் இருக்கத்தான் செய்கிறது. 1908-லேயே பேப்ளர் என்ற அமெரிக்க சர்ஜன், கர்ப்பிணிக்குக் குடல்வால் நோயால் வரும் சாவு தாமதத்தால் வரும் சாவுதான் என்று எழுதிவைத்துவிட்டார். அப்போது ஆன்டிபயாடிக்கே கிடையாது. இன்று அத்தனை மருந்து வந்தும் அவர் சொன்னதை யாரும் அடித்து எழுதவில்லை.

அந்தக் கலிஃபோர்னியா ஆய்வில் இன்னொரு வரியும் இருக்கிறது, அதுதான் எனக்கு முக்கியம். சந்தேகத்தில் ஆபரேஷன் செய்து, உள்ளே குடல்வால் நன்றாகவே இருந்தது என்று தெரிந்த பெண்களிலும் நூற்றுக்கு நான்கு பேர் குழந்தையை இழந்தார்கள். ஆக, தாமதமும் கெடுதல், சும்மா திறந்து பார்ப்பதும் கெடுதல். உங்கள் டாக்டர் ஸ்கேனில் தெரியவில்லை என்றதும் வீட்டுக்கும் அனுப்பாமல், தியேட்டருக்கும் ஓடாமல் எம்.ஆர்.ஐ.க்கு அனுப்பினார் பாருங்கள், அங்கேதான் அவர் கெட்டிக்காரர்.

இனி ஊசி மருந்தில் ஓட்டுவது பற்றி. அம்மா சொல்வது ஆதாரமில்லாத பேச்சு இல்லை. 2015-இல் ஃபின்லாந்தில் அப்படி ஓர் ஆய்வே வந்தது. ஆன்டிபயாடிக் மட்டும் கொடுத்ததில் நூற்றுக்கு 27 பேர் ஒரு வருஷத்துக்குள் ஆபரேஷனுக்குத் திரும்பி வந்தார்கள். ஐந்து வருஷத்தில் 39 பேருக்கு நோய் திரும்பியது. 2020-இல் வந்த அமெரிக்க ஆய்வில் மூன்று மாதத்துக்குள்ளேயே நூற்றுக்கு 29 பேருக்கு எடுக்க வேண்டிவந்தது. இந்த இரண்டு ஆய்விலும் கர்ப்பிணிகளைச் சேர்த்துக்கொள்ளவில்லை. சாதாரண ஆளுக்கு அந்தச் சூதாட்டம் சரி, திரும்பி வந்தால் அப்போது பார்த்துக்கொள்ளலாம். உங்கள் மனைவிக்கு அப்போது பிரசவத்துக்கு நான்கு மாதம் பாக்கி. மருந்தில் அடங்கியது ஒன்பதாம் மாதத்தில் மறுபடி தலைதூக்கியிருந்தால், கர்ப்பப்பை வயிற்றையே அடைத்துக்கொண்டிருக்கும் நேரத்தில் அதைத் தேடி எடுக்க வேண்டியிருந்திருக்கும். நான்கு முதல் ஆறு வரையான மாதங்கள்தான் இதற்குக் கொஞ்சம் வசதியான காலம். அந்த வகையில் உங்களுக்கு நல்ல நேரம்.

ஓமத்தண்ணீரைப் பற்றிக் குற்றவுணர்ச்சி வேண்டாம். அதனால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை.

கிராம சுகாதார செவிலியராக இருக்கிறேன். என் பகுதியில் கர்ப்பிணிகளில் பாதிப் பேர் ஏதாவது ஒரு வயிற்றுவலி சொல்வார்கள். எல்லோரையும் 108-இல் ஏற்றி அனுப்ப முடியாது. யாரை அனுப்புவது, யாரை வீட்டில் வைத்துப் பார்ப்பது? மாதம் ஏற ஏறக் குடல்வால் மேலே போய்விடும், வலி விலாவுக்குக் கீழே வரும் என்று படித்திருக்கிறேன். அதுவும் சரியா?
– வாசகி, புதுக்கோட்டை மாவட்டம்

சிஸ்டர், இந்த மாதக் கடிதங்களிலேயே உங்களுடையதுதான் உருப்படியானது. சர்ஜன் பார்ப்பதற்கு முன் நீங்கள் பார்க்கிறீர்கள், அந்த முதல் சில மணி நேரம் உங்கள் கையில் இருக்கிறது.

குடல்வால் மேலே ஏறும் கதையை 1932-இல் பேயர் என்ற அமெரிக்க டாக்டர் கர்ப்பிணிகளுக்கு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துச் சொன்னார். நானும் அதைத்தான் படித்தேன், பரீட்சையிலும் எழுதினேன். பின்னால் வந்தவர்கள் நோயாளிகளையே கேட்டுப் பார்த்ததில், எந்த மாதமானாலும் பெரும்பாலோருக்கு வலி வலப்பக்க அடிவயிற்றில்தான் இருந்தது. கடைசி மாதங்களில் சிலருக்கு விலாவுக்குக் கீழே வரலாம், மறுக்கவில்லை. அதனால் ‘எட்டாம் மாதம், வலி கீழே இருக்கிறது, குடல்வாலாக இருக்காது’ என்று மட்டும் முடிவுகட்டிவிடாதீர்கள்.

நான் ஜூனியர்களிடம் வயிற்றைத் தொடுவதற்கு முன் வரிசையைக் கேளுங்கள் என்பேன். எது முதலில் வந்தது? குடல்வாலில் வலி முதலில், அப்புறம் சாப்பாடு வேண்டாம் என்ற நிலை, அதன்பின் வாந்தி. மசக்கையில் வாந்திதான் முதலில், வலி கிடையாது. மசக்கை அடங்கி மாங்காயும் மீன் குழம்புமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் ஆறாம் மாதத்தில் திடீரென்று சோற்றைக் கண்டாலே முகத்தைத் திருப்பினால், வலியும் கூட இருந்தால், அங்கே உட்கார்ந்து விசாரியுங்கள்.

அடுத்தது தசைநார் வலி. கர்ப்பப்பையைப் பிடித்திருக்கும் தசைநார் இழுபடுவதால் இடுப்போரத்தில் சுருக்கென்று வரும். புரண்டு படுத்தால், சட்டென்று எழுந்தால், தும்மினால் வந்து, சில நொடியில் போய்விடும். படுத்தால் அடங்கும். குடல்வால் வலி போகவே போகாது, மணிக்கு மணி ஏறும்.

ஆட்டோவில் வந்தவர்களிடம் நான் தவறாமல் கேட்பது, ‘ஸ்பீடு பிரேக்கரில் ஏறி இறங்கும்போது வலி உயிர் போச்சா?’ விளையாட்டில்லை. இங்கிலாந்தில் இதையே ஆராய்ந்து 2012-இல் வெளியிட்டார்கள். குடல்வால் அழற்சி உறுதியான 34 பேரில் 33 பேர் வேகத்தடையில் வலி கூடியது என்றார்கள். வேறு காரணத்தால் வலித்த பலரும் ஆமாம் என்றார்கள் என்பது வேறு விஷயம். எனவே வலித்தது என்றால் சந்தேகம் தொடரட்டும், வலிக்கவே இல்லை என்றால் கொஞ்சம் மூச்சு விடலாம். அந்த ஆய்வு கர்ப்பிணிகளுக்கென்று நடந்ததில்லை, ஆனாலும் நம் ஊர் ரோட்டுக்கு இதைவிடப் பொருத்தமான பரிசோதனை எது?

கையை வைத்துப் பார்க்கும் முறை ஒன்றையும் சொல்கிறேன். கையைத் தேய்த்துச் சூடாக்கிக்கொள்ளுங்கள், சில்லென்ற கை பட்டாலே வயிறு இறுகிவிடும். மல்லாக்கப் படுக்கவைத்து, அதிகம் வலிக்கிற இடத்தை அவளே ஒரு விரலால் காட்டட்டும். அங்கே உங்கள் விரலை வைத்தபடியே இடப்பக்கமாக மெல்லத் திரும்பிப் படுக்கச் சொல்லுங்கள். கர்ப்பப்பை எடையோடு இடப்பக்கம் சாயும். வலியும் அதோடு இடப்பக்கம் நகர்ந்தால் கர்ப்பப்பை சம்பந்தப்பட்டதாக இருக்கலாம். வலி உங்கள் விரலடியிலேயே அசையாமல் நின்றால், கர்ப்பப்பைக்கு வெளியே தேட வேண்டும். ஆல்டர் பரிசோதனை என்பார்கள். நூற்றுக்கு நூறு இல்லை, ஆனால் காசும் மின்சாரமும் வேண்டாத பரிசோதனை.

வயிறு கல்லாக இறுகவில்லையே என்று ஏமாந்துவிடாதீர்கள். கர்ப்பப்பை வயிற்றுச்சுவரை முன்னுக்குத் தள்ளி, புண்ணான குடல்வாலை அதிலிருந்து பிரித்துவைத்திருக்கும். இறுக்கம் குறைவாகவே தெரியும். காய்ச்சல் இல்லாமலும் இருக்கலாம். ரத்தத்தில் வெள்ளணு 14,000 என்று வந்தால் லேபில் சிவப்பு மையில் வட்டம் போட்டு அனுப்புவார்கள், கர்ப்பிணிக்கு 16,000 வரை சாதாரணமாகவே ஏறும், பிரசவ வலியில் இன்னும் கூடும். சிறுநீரில் கொஞ்சம் சீழணு இருந்தால் ‘யூரின் இன்ஃபெக்‌ஷன்’ என்று மாத்திரையோடு வீட்டுக்கு அனுப்புவது நான் அதிகம் பார்த்த சறுக்கல். அழற்சி கண்ட குடல்வால் சிறுநீர்க்குழாய்க்குப் பக்கத்தில் கிடந்தால் அதுவே சிறுநீரில் சீழணுவைக் காட்டும்.

எந்த வயிற்றுவலி ஆனாலும் பி.பி. பாருங்கள். மேல்வயிறு வலப்பக்கம் வலி, தலைவலி, பி.பி. உயர்வு என்றால் அது கல்லீரலைத் தாக்கும் ரத்தக்கொதிப்பு, உடனே வண்டி. நாள் தள்ளிப்போன ஆரம்ப மாதம், வலி, மயக்கம் வருகிறது என்றால் கருக்குழாயில் தங்கிய கரு வெடித்திருக்கலாம், அதுவும் உடனே வண்டி. வயிறு மரப்பலகையாக இறுகி ரத்தம் படுகிறது என்றால் நஞ்சுக்கொடி பிரிவு, கேட்கவே வேண்டாம்.

வலி ஆறு மணி நேரத்துக்கு மேல் விடாமல் ஒரே இடத்தில் நின்றால் நான் என்றால் அனுப்பிவிடுவேன். பத்துப் பேரை வீணாக அனுப்பினீர்கள் என்று யாராவது முணுமுணுத்தால் முணுமுணுக்கட்டும். அனுப்பும்போது சர்ஜனும், மகப்பேறு டாக்டரும், பச்சிளங்குழந்தைப் பிரிவும் ஒரே வளாகத்தில் இருக்கிற சீமாங்க் மையத்துக்கு அனுப்புங்கள். வாய் வழியாக எதுவும் வேண்டாம். இடப்பக்கம் சாய்த்துப் படுக்கவையுங்கள். சீட்டில் வலி தொடங்கிய நேரம், கடைசியாகச் சாப்பிட்ட நேரம், எத்தனை வாரம், கொடுத்த மாத்திரை – இந்த நாலும் இருந்தால் போதும், நாங்கள் உங்களை வாழ்த்துவோம்.

விளக்கெண்ணெய் கொடுத்து வயிற்றைக் கழுவுவதைக் கண்டால் கையைப் பிடித்துத் தடுங்கள், எனிமாவும் கூடாது. வலிக்கு பாராசிட்டமால் தரலாம். மருந்துக்கடையில் போடும் டைக்ளோஃபெனாக் ஊசி வேண்டாம், அந்த வகை மருந்தை 20 வாரத்துக்குப் பிறகு தவிர்க்கச் சொல்கிறார்கள், குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதிக்கும், பனிக்குட நீர் குறையும்.

மகளுக்கு மூன்றாம் மாதம். இதே சந்தேகத்தில் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னார்கள். அந்தக் கதிர் குழந்தையைப் பாதிக்காதா?
– ஒரு தாய், திருப்பூர்

அம்மா, எம்.ஆர்.ஐ.யில் எக்ஸ்ரே கதிரே கிடையாது, காந்தம்தான். கையில் ஏற்றும் கடோலினியம் மருந்தை மட்டும் கர்ப்பிணிக்குத் தவிர்ப்பார்கள். குடல்வாலைப் பார்க்க அது தேவையும் இல்லை. உள்ளே கடகடவென்று சத்தமாக இருக்கும், முன்கூட்டியே மகளிடம் சொல்லிவையுங்கள்.

முதலில் எடுப்பது சாதா அல்ட்ராசவுண்டுதான். டாக்டர் கருவியால் மெல்ல அழுத்திப் பார்ப்பார். குடல்வால் ஆறு மில்லிமீட்டருக்கு மேல் பருத்து, அழுத்தினாலும் நசுங்காமல் இருந்தால் நோய் என்று சொல்லிவிடலாம். மாதம் ஏற ஏற அது கண்ணில் படுவது குறையும். தெரியவில்லை என்ற ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு ‘ஒன்றுமில்லையாம்’ என்று பஸ் ஏறிவிடாதீர்கள்.

எம்.ஆர்.ஐ. இல்லாத இடத்தில், நேரம் ஓடிக்கொண்டிருந்தால் சி.டி.கூட எடுக்கலாம். ஒரு வயிற்று சி.டி.யில் குழந்தைக்குப் போகும் கதிர் பொதுவாக 50 மில்லிகிரேக்குக் கீழே. அந்த அளவுக்குக் குறைந்த கதிரால் குழந்தைக்கு ஊனம் வந்ததாகக் காணவில்லை. கதிருக்குப் பயந்து வெடிக்கவிடுவது எந்த வகையிலும் லாபமில்லை.

ஏழாம் மாதத்தில் லேப்ராஸ்கோப்பி செய்தார்களாம் என் தோழிக்கு. வயிற்றில் கேஸ் நிரப்பினால் குழந்தைக்கு மூச்சு முட்டாதா? மயக்க மருந்து?
– வாசகி, நாகர்கோவில்

குழந்தை பனிக்குடத்துக்குள் இருக்கிறது, கேஸ் அதற்கு வெளியே. பயம் கேஸின் அழுத்தத்தில்தான். அதை 10 முதல் 15 அலகுக்குள் வைத்துக்கொள்வோம். முன்பெல்லாம் 26 வாரம் தாண்டினால், சிறு துளை வழியாகக் கேமரா விட்டுச் செய்யும் இந்த ஆபரேஷன் வேண்டாம் என்பார்கள். இப்போதைய அமெரிக்க வழிகாட்டுதல் எந்த மாதத்திலும் செய்யலாம் என்கிறது. சர்ஜனின் கைப்பழக்கம்தான் பெரிது. பழக்கமில்லாதவர் திறந்து செய்வதே மேல்.

தியேட்டரில் என்ன மாறும் என்றால், மேசையை இடப்பக்கம் சாய்ப்போம், கர்ப்பப்பை பெரிய ரத்தக்குழாயை அமுக்கி அவளுக்கு பி.பி. விழாமல் இருக்க. முதல் துளையைத் தொப்புளில் போடாமல் கர்ப்பப்பையின் உச்சியைத் தொட்டுப் பார்த்து அதற்கு மேலே போடுவோம், அதையும் குருட்டாம்போக்கில் ஊசி குத்தாமல், கண்ணால் பார்த்துப் பிரித்து. தொடங்குமுன்னும் முடித்தபின்னும் குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்போம். அந்த டப்டப் சத்தம் கேட்ட பிறகுதான் மயக்க டாக்டர் முகத்தில் சிரிப்பு வரும். இன்று புழக்கத்தில் உள்ள மயக்க மருந்துகள் வழக்கமான அளவில் குழந்தைக்கு ஊனம் உண்டாக்கியதாக நிரூபணம் இல்லை. பிரசவ வலி வராமலிருக்க முன்கூட்டியே மருந்து ஏற்றும் வழக்கத்துக்கும் ஆதாரமில்லை, சுருக்கம் தொடங்கினால்தான் பார்ப்பார்கள். குறைமாதப் பிரசவம் நெருங்கும்போல இருந்தால் நுரையீரல் முதிர ஸ்டீராய்டு ஊசி உண்டு.

ஒரு கொசுறு: கேமரா வழியாகக் குடல்வாலை முதன்முதலில் எடுத்தவர் சர்ஜன் இல்லை, கீல் நகரத்து மகப்பேறு டாக்டர் கர்ட் செம். வருஷம் 1980. ஜெர்மன் சர்ஜன்கள் கொதித்துப்போனார்கள். எங்கள் ஆட்களுக்கு ரோஷம் அதிகம்.

குடல்வால் ஆபரேஷன் ஆனவளுக்கு சிசேரியன்தான் என்கிறார்கள். உண்மையா?
– வாசகி, ஆம்பூர்

இல்லை. தழும்பு வயிற்றுச்சுவரில், கர்ப்பப்பையில் இல்லை. சுகப்பிரசவத்துக்கு முயற்சி செய்யலாம். ஆபரேஷன் முடிந்த சில நாளிலேயே வலி வந்தாலும் முக்கலாம், தையல் பிய்ந்துவிடாது. மறுநாளே எழுந்து நடக்கவைத்தால் திட்டாதீர்கள். கர்ப்பிணிக்குக் காலில் ரத்தம் உறையும் ஆபத்து அதிகம், அதற்காகத்தான்.

அடுத்த தை மாதம் எனக்குக் கல்யாணம். கர்ப்பமானபின் அவஸ்தைப்படுவதைவிட இப்போதே குடல்வாலை எடுத்துவிட்டால் என்ன?
– வாசகி, கும்பகோணம்

வேண்டாம் தங்கச்சி. வாழ்நாளில் குடல்வால் அழற்சி வருவது நூற்றுக்கு ஏழெட்டுப் பேருக்கு. கர்ப்ப காலத்தில் ஏறக்குறைய ஆயிரத்தைந்நூறு கர்ப்பத்தில் ஒன்று. அதற்காக மீதிப் பேர் வயிற்றைக் கிழித்துக்கொள்ள முடியாது.

முன்கூட்டியே எடுக்கும் வழக்கம் ஓரிடத்தில் உண்டு. அன்டார்டிகாவில் குளிர்காலம் முழுக்கத் தங்கும் ஆஸ்திரேலிய டாக்டர்கள் குடல்வாலை எடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். காரணம், அங்கே இருப்பது ஒரே டாக்டர், அவருக்கே வந்தால் ஆளில்லை. 1961-இல் சோவியத் முகாமில் ரோகஸோவ் என்ற டாக்டர் தன் குடல்வாலைத் தானே அறுத்து எடுத்தார், பக்கத்தில் இருந்தவர்கள் கண்ணாடி பிடித்தார்கள். கும்பகோணத்தில் அந்த நிலைமை இல்லை.

ஆனால் உங்களுக்கு முன்பே ஒருமுறை இந்த வலி வந்து, மருந்தில் அடங்கியிருந்தால் அது வேறு கணக்கு. பழைய ஸ்கேனைத் தேடி எடுத்துக்கொண்டு முகூர்த்தப் புடவை எடுக்கப் போகுமுன் ஒரு சர்ஜனைப் பாருங்கள்.